உள்ளே வரும், வெளியே போகாது

அக்கா, அது போகாது. நீங்கள் எத்தனை தடவை அந்தப் பட்டனை அழுத்தினாலும் போகாது.

தப்பாக நினைக்காதீர்கள், அடுத்தவர் லேப்டாப்பை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கான்வென்டில் படித்தவள். ஆனால் அந்தச் சிவப்புக் குறி இருக்கிறதே, அதை நான் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அவ்வளவு அடி வாங்கியிருக்கிறேன் அதனிடம். உங்களுக்கு வருகிற மெயில் எல்லாம் ஒழுங்காக வருகிறது, சரிதானே? நீங்கள் அனுப்புவதுதான் போகமாட்டேன் என்கிறது. ஆபீசில் இருந்தால் சல்லென்று போய்விடும், இந்த ஆஸ்பத்திரி வைஃபையில் போகவில்லை. சரிதானே? பார்த்தீர்களா. என்னைப் போய் யாராவது கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று நினைத்துவிடப் போகிறீர்கள். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வியாதிதான், அதுவும் எனக்கே வந்ததால்.

ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். ஒரே ஒரு டிக். எங்கே என்று காட்டுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் என் கதையைக் கேட்டுவிடுங்கள். கேட்காமல் டிக் போட்டீர்கள் என்றால் அப்புறம் என்னைத் திட்டுவீர்கள். நேரம் இருக்கிறது, டாக்டர் இப்போதுதான் உள்ளே போயிருக்கிறார். உங்கள் டோக்கன் எனக்கு அடுத்ததுதானே? உங்கள் பையன் தூங்குகிறான். என் மகள் இதோ தூங்குகிறாள். கொஞ்சம் பொறுங்கள், விரலை வைத்துப் பார்த்துவிடுகிறேன். ஆமாம், தூங்கத்தான் செய்கிறாள்.

என் பெயர் செண்பகவல்லி. பெயரைக் கேட்டதுமே கோவில்பட்டிக்காரி என்று சொல்லிவிடலாம். இந்த மதுரையில் பள்ளிக்கூடக் கைடு போடுகிற ஒரு கம்பெனியில் புரூஃப் பார்க்கிறேன். உங்கள் பையன் பெரியவனாகி இங்கிலீஷ் கைடு வாங்கினால், அதில் 'விடுப்புக் கடிதம்' என்று ஒரு பாடம் வரும் பாருங்கள், 'மதிப்பிற்குரிய அம்மையீர், பணிவுடன் தெரிவித்துக்கொள்வது' என்று. அது முழுக்க நான் திருத்தியது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் லீவ் லெட்டர் எழுதச் சொல்லிக்கொடுத்தவள், தன் லீவ் லெட்டரை அனுப்பத் தெரியாமல் மாதக்கணக்கில் விழித்த கதைதான் இது.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகும்போது ஆபீஸ் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். பிள்ளை தூங்குகிற நேரத்தில் பத்தாம் வகுப்புக் கைடை முடித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. சிரிக்காதீர்கள். பிள்ளை தூங்குகிற நேரத்தில் நான் செய்தது என்ன தெரியுமா? அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு வருகிறதா என்று. வந்தால், அடுத்த மூச்சு வருமா என்று.

அம்மா வந்து பார்ப்பாள். "ஏளா, பச்சப்பிள்ள அது பாட்டுக்குத் தூங்குது. நீ கைய வச்சு வச்சு எழுப்பி விடுதியா?"

"இல்லம்மா, மூச்சு..."

"மூச்சு விடாம என்ன செய்யும்? நீயெல்லாம் விடலயா? பெத்தவளுக்கு எல்லாம் தானா வரும்ளா."

தானாக வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் வரும் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்ததெல்லாம் பயம்தான். குளிப்பாட்டப் பயம், தூக்கப் பயம், கீழே போடப் பயம், ஏப்பம் வராவிட்டால் பயம், வந்தால் கூடப் பாலும் வந்துவிடுமோ என்று பயம். புரூஃபில் ஒரு தப்பு இருந்தால் சுழித்து, ஓரத்தில் சரியானதை எழுதிவிடலாம். பிள்ளைக்கு ஓரம் ஏது?

இதற்கு நடுவில் லீவு முடிகிற நாள் வந்தது. இரண்டு வீட்டிலும் கூடிப் பேசினார்கள். என்னைக் கேட்டார்களா என்று கேட்காதீர்கள். "இன்னும் ஆறு மாசம் லீவு கேளு" என்றாள் அம்மா. என் மாமியார் சங்கரன்கோவிலில் இருந்து போனில், "லீவு எதுக்கு? வீட்டுல இருந்தே வேல பாக்கட்டும். இப்ப ஊரே அப்பிடித்தான பாக்கு" என்றார். என் வீட்டுக்காரர், கோமதிநாயகம் என்று பெயர், பம்ப்செட் கம்பெனியில் இருக்கிறார், அவர் "உன் இஷ்டம்" என்றார். 'உன் இஷ்டம்' என்று அவர் சொல்கிற தொனியிலேயே என் இஷ்டம் என்னவென்று முடிவாகியிருக்கும்.

சரி, இருப்பது அம்மா வீட்டில்தானே என்று, அம்மா சொன்னபடி லீவு கேட்டே மெயில் எழுதினேன். எங்கள் எடிட்டர் ஞானதீபம் மேடத்துக்கு. மேடத்திடம் லீவு விஷயத்தைப் போனில் பேசக் கூடாது, எழுத்தில்தான் வர வேண்டும். எனக்கும் அதுதான் வசதி. போனில் பேசினால் 'ஹலோ மேடம்' என்பதற்குள் அழுதுவிடுவேன். எழுத்தில் நான் புலி. 'மதிப்பிற்குரிய' தொடங்கி 'தங்கள் உண்மையுள்ள' வரைக்கும் அழகாக இங்கிலீஷில் அடித்து, 'அனுப்பு' என்பதை அழுத்தி, டப்பென்று மூடியை மூடிவிட்டேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுவோமே, அந்த மாதிரி.

சில நாளில் மேடத்திடம் இருந்து மெயில். 'உங்கள் விடுப்பு முடிகிறது. எப்போது வேலைக்குத் திரும்புகிறீர்கள்? தெரிவிக்கவும்.'

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் இவ்வளவு பணிவாக எழுதியிருக்கிறேன், அதைப் பார்க்காத மாதிரியே கேட்கிறாரே என்று. இது மேலதிகாரிகள் செய்கிற தந்திரம் என்று நினைத்தேன். கேட்டது பிடிக்கவில்லை என்றால் கேட்டதே காதில் விழாத மாதிரி இருப்பது. உடனே இன்னும் பணிவாக ஒன்று எழுதினேன். மூடியை மூடினேன். அடுத்த மெயில் வந்தது: 'உங்கள் மௌனம் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.'

மௌனமா! என் ஆயுளில் நான் அவ்வளவு பேசியதே இல்லை, அக்கா.

அதற்கு அடுத்ததும் அப்படித்தான். நான் பணியப் பணிய அவர் இறுகிக்கொண்டே போனார். ஒருநாள் மேடம் போன்கூடப் பண்ணியிருக்கிறார். அம்மா எடுத்து, "அவ பிள்ளைக்குப் பால் குடுத்துட்டிருக்கா, பெறகு பேசுவா" என்று வைத்துவிட்டாள். வைத்ததை என்னிடம் சொல்லவும் மறந்துவிட்டாள்.

பிறகு ஒருநாள்தான் மூடியை மூடாமல் இருந்துவிட்டேன். பிள்ளை அழுதாள், ஓடிவிட்டேன். திரும்பி வந்து பார்க்கிறேன், ஓரத்தில் 'அவுட்பாக்ஸ்' என்று தடித்த எழுத்து, அதன் மேல் சிவப்புக் குறி. திறந்தால் என் கடிதங்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுகூட வாசலைத் தாண்டவில்லை.

வேறு யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? மிஷினில் கோளாறு என்று நினைப்பார்கள். நான் என்ன நினைத்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். யாரோ படித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. நான் கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்தவள். அங்கே வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தை ஒட்டக் கூடாது. திறந்தபடியே சிஸ்டர் அலோசியாவிடம் கொடுக்க வேண்டும். அவர் படித்துப் பார்த்து, சரியாக இருந்தால்தான் தபாலுக்குப் போகும். 'சாப்பாடு நன்றாக இல்லை', 'அழுகையாக வருகிறது', இப்படி ஏதாவது இருந்தால் மறுநாள் காலையில் நம் மேசை மேலே வந்து கிடக்கும், ஓரத்தில் சிவப்பு மையில் 'மாற்றி எழுது' என்று. என் கடிதங்கள் நிறைய வந்து கிடந்திருக்கின்றன. கடைசியில் 'நான் நலம், சாப்பாடு அருமை' என்று எழுதினால் போய்விடும். சிவப்பைப் பார்த்தால் மாற்றி எழுது என்று எனக்கு அங்கே பதிந்துவிட்டது.

அதனால் மாற்றி எழுதினேன். 'மதிப்பிற்குரிய'வை 'பெருமதிப்பிற்குரிய' ஆக்கினேன். போகவில்லை. 'தாழ்மையுடன்' சேர்த்தேன். போகவில்லை. மேடத்தின் உடல்நலத்தை விசாரித்தேன். கம்பெனியின் வளர்ச்சிக்காகப் பிரார்த்திப்பதாக எழுதினேன். அதற்குமேல் பணிவு என்றால் கம்ப்யூட்டர் முன்னால் முட்டி போட வேண்டியதுதான் பாக்கி.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனியா?" என்றார். பண்ணினேன் என்றேன். "அப்போ உங்க வீட்டு வைஃபை சரியில்ல. வேற வைஃபைல போட்டுப் பாரு" என்றார். பம்ப்செட் விற்கிறவர், தண்ணீர் ஏறவில்லை என்றால் கிணற்றைத்தானே குறை சொல்வார்.

அதற்குள் நான் சங்கரன்கோவிலுக்கு, மாமியார் வீட்டுக்குப் போகிற முறை வந்துவிட்டது. அங்கே வேறு வைஃபை. போனவுடன் திறந்து, அத்தை சொன்னபடி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று ஒன்று எழுதினேன். போகவில்லை. அதுதான் சாக்கு என்று தெருவில் யார் யார் வீட்டில் வைஃபை இருக்கிறதோ அங்கெல்லாம் கிளம்பிவிட்டேன். ஒரு இடுப்பில் பிள்ளை, ஒரு தோளில் லேப்டாப் பை. எதிர் வீட்டு வைஃபைக்கு 'சங்கரநாராயணர் துணை' என்று பெயர். சாமி துணை இருந்தும் போகவில்லை. பக்கத்து வீட்டு பாப்பாத்தியக்கா, தன் மகனுடைய பைக் நம்பர்தான் பாஸ்வேர்டு என்று வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "போட்டுக்கம்மா. ஆமா, பிள்ளைக்கு வசம்பு ஒரசிக் குடுத்தியா? என்ன இப்பிடி நோஞ்சானா இருக்கு?" ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாஸ்வேர்டும் பிள்ளை வளர்ப்பில் ஒரு குறையும் சேர்த்துத்தான் கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், எந்த வைஃபையில் போட்டாலும் உள்ளே வருவது மட்டும் நொடியில் வந்துவிடும். தலையணை தள்ளுபடி வரும். கடன் வேண்டுமா என்று வரும். மேடத்தின் கோபம் வரும். வெளியே போவதுதான் ஒன்றும் இல்லை. பிள்ளை பெற்றவளுடைய நிலைமையே அதுதானே, அக்கா? யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், பிள்ளையைப் பார்க்கலாம், சோப்பு டப்பா கொடுக்கலாம், யோசனை சொல்லலாம். அவள் வெளியே போக மட்டும் வழி கிடையாது. நான் அன்றைக்கு லேப்டாப்பைப் பார்த்து, 'நீயும் பெற்றுவிட்டாயா' என்று கேட்டேன்.

அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சொன்னார். "ஏட்டி, மெயிலு போகலன்னா என்ன, ஒரு பஸ்ஸப் பிடிச்சுப் போயி கையில குடுத்துட்டு வந்துர வேண்டியதுதான?"

நானும் என் வீட்டுக்காரரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மெயிலைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பார்களா என்று. அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத்தான் அந்தச் சிவப்புக் குறியை அழுத்தினால் ஏதோ எழுதியிருக்கிறது என்று கண்டுபிடித்தேன். இங்கிலீஷ்தான். எனக்கு இங்கிலீஷ் தெரியாதா? ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. 'இந்த இடத்திலிருந்து வரும் அஞ்சலை எடுத்துச் செல்ல சர்வர் மறுக்கிறது' என்கிற மாதிரி ஒரு வாக்கியம். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் நான் அதை எப்படிப் படித்தேன்? 'செண்பகவல்லி, நீ இனிமேல் எங்கள் ஆள் இல்லை' என்று படித்தேன். ஆபீசில் என் பெயரை எடுத்துவிட்டார்கள், அதை என் மூஞ்சிக்கு நேராகச் சொல்லப் பிடிக்காமல் சர்வரை விட்டுச் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டேன். அன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதேன். அத்தை வெங்காயத்தை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது.

ஹாஸ்டலில் கத்தோலிக்கப் பிள்ளைகள் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார்கள். ஒரு மரப்பெட்டிக்குள் முட்டி போட்டு, மனதில் கிடப்பதையெல்லாம் சொல்லிவிட்டு, வெளியே வரும்போது முகம் கழுவின மாதிரி இருக்கும் அவர்களுக்கு. எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டி கிடையாது. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு அப்படிப் பொறாமையாக இருக்கும். இப்போது பாருங்கள், எனக்கும் ஒரு பெட்டி கிடைத்துவிட்டது. எது போட்டாலும் வெளியே போகாது என்று உத்தரவாதம் உள்ள பெட்டி. யாரும் படிக்கப் போவதில்லை.

எழுத ஆரம்பித்தேன். எல்லாம் மேடத்தின் பெயருக்குத்தான். 'பெறுநர்' இடத்தில் வேறு யார் பெயரைப் போட?

மத்தியானம் பிள்ளை கண்ணயர்ந்ததும் உட்காருவேன். ஒருநாள் ராஜினாமா செய்தேன். மறுநாள் ராஜினாமாவை வாபஸ் வாங்கினேன். ஒருநாள் என் மாமியாரைப் பற்றி எழுதினேன், அதை உங்களிடம்கூடச் சொல்லமாட்டேன். ஒருநாள் கோபம் தலைக்கேறி, மேடம் எனக்கு அனுப்பின மெயில்களையே எடுத்து, புரூஃப் பார்த்துவிட்டேன். கமா இல்லாத இடத்தில் கமா, தேவையில்லாத இடத்தில் இருந்ததை அடித்து, எல்லாம் சிவப்பு எழுத்தில். கீழே 'மாற்றி எழுதவும்' என்று போட்டு அனுப்பினேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! அத்தைகூட, "என்ன இன்னைக்கு மொகம் தெளிச்சியா இருக்கு?" என்றார்.

ஒருநாள் ஒன்று நடந்தது. பால் குடித்துக்கொண்டிருந்தவளுக்குப் புரையேறிவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆகி, சத்தமே வரவில்லை. நான் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன், அக்கா. கை வரவில்லை. கத்தவும் வரவில்லை. அத்தைதான் எதற்கோ உள்ளே வந்தவர், பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கிக் கவிழ்த்து, முதுகில் தட்டினார். வீல் என்று அழுதாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பொறைதான்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் துணி காயப்போடப் போய்விட்டார்.

அவருக்கு ஒன்றுமில்லை. எனக்கு அவளைக் கீழே விட மனமில்லை. அவளை நெஞ்சில் போட்டுக்கொண்டே ஒரு கையால் அடித்தேன். 'மதிப்பிற்குரிய' போடவில்லை. 'தங்கள்' போடவில்லை. இரண்டே வரி. 'எனக்குப் பிள்ளையோடு தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. தினமும் கொஞ்ச நேரமாவது ஆபீசுக்கு வந்து எனக்குத் தெரிந்த வேலையைச் செய்ய விடுங்கள்.' அவ்வளவுதான். 'அனுப்பு' அழுத்தினேன். சிவப்புக் குறி வந்தது. நல்லவேளை என்று மூடிவைத்தேன்.

மேடத்தின் கடைசி மெயில் பாப்பாத்தியக்கா வீட்டு வைஃபையில் வந்தது. 'வரும் திங்கட்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் உங்கள் இடத்துக்கு வேறு ஆள் எடுக்க வேண்டியிருக்கும்.'

சர்வர் சொன்னது பொய், நான் இன்னும் அவர்கள் ஆள்தான் என்று அப்போதுதான் புரிந்தது. திங்கட்கிழமைவரைக்கும்தான். என் வீட்டுக்காரர் ஊர் ஊராக பம்ப்செட் ஆர்டர் எடுக்க லைனுக்குப் போயிருக்கிறார். அத்தை என் முகத்தைப் பார்த்தார், மெயிலைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், "நான்தான் அன்னைக்கே சொன்னம்லா" என்றார். மறுநாள் மூன்று பேரும் மதுரை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். சிரித்த சிரிப்புக்குப் பலன்.

லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டேன். ஏன் தெரியுமா? சாட்சிக்கு. 'மேடம், நான் முதல் நாளிலிருந்தே எழுதியிருக்கிறேன், பாருங்கள், தேதி இருக்கிறது' என்று அவுட்பாக்சைத் திறந்து காட்டப் போகிறேன். பணிவான கடிதங்களை மட்டும். மற்றதையெல்லாம் அதற்கு முன்னால் அழித்துவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் திறந்திருக்கலாம். பிள்ளை வாந்தி எடுத்தாள்.

ஆபீஸ் ரிசப்ஷனில் அத்தை பிள்ளையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மேடத்தின் அறை கண்ணாடிக் கதவு, உள்ளே அவர் தலை தெரிகிறது. கூப்பிடுகிறவரை நேரம் இருக்கிறது, இப்போது அழித்துவிடலாம் என்று, சார்ஜரைச் சுவரில் செருகி, லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தேன்.

அது பழைய வீட்டை மறக்காத நாய் மாதிரி, ஆபீஸ் வைஃபையை அதுவாகவே போய்ப் பிடித்துக்கொண்டது.

'சொய்ங்' என்று ஒரு சத்தம். மெயில் போகிற சத்தம், அக்கா. எத்தனை மாதம் கேட்கத் தவம் கிடந்த சத்தம்! ஒரு நொடி சந்தோஷப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொரு 'சொய்ங்'. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேடத்தின் கம்ப்யூட்டரில் 'டிங்'. இங்கே சொய்ங், அங்கே டிங். சொய்ங், டிங். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் சார்ஜர் வயரைப் பிடித்துப் பிடுங்கினேன். பாட்டரியில் ஓடுகிற மிஷினுக்குச் சார்ஜரைப் பிடுங்கி என்ன ஆகும்? சொய்ங், டிங்.

"என்னட்டி அது, வாத்து மாரி கத்துது?" என்றார் அத்தை.

"ஒண்ணுமில்ல அத்தை. மெயில் போகுது."

"அப்பாடா, போயிருச்சா! பாத்தியா, நேர்ல வந்தாத்தான் காரியம் நடக்கும்."

அவுட்பாக்ஸ் காலியாகிவிட்டது. அவ்வளவு சுத்தமாக நான் எதையும் பார்த்ததில்லை.

கண்ணாடிக்குள் மேடம் தலை நிமிரவில்லை. படித்துக்கொண்டே இருந்தார். பழைய காலத்து எடிட்டர், எதையும் முதல் பக்கத்திலிருந்துதான் படிப்பார். எந்தக் கடிதத்தில் இருக்கிறார் என்று அவர் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஓரிடத்தில் பேனாவை எடுத்தார். கமா கடிதம் என்று புரிந்தது. அத்தையைப் பார்த்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போயிருவோமா" என்று கேட்டேன். அதற்குள் மேடம் கூப்பிட்டுவிட்டார்.

உள்ளே போய் நின்றேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"இத்தன மாசமா உன் மெயில் வரலன்னு கோவத்துல இருந்தேன்" என்றார். "இப்ப வந்ததப் பாத்தா, வராமலே இருந்திருக்கலாமோன்னு தோணுது."

"சாரி மேடம்."

"எதுக்கு சாரி? எந்த லெட்டருக்கு நான் பதில் போடணும்னு மட்டும் சொல்லு. ஒண்ணு லீவு கேக்குது. ஒண்ணு வீட்டுல இருந்து வேல கேக்குது. ஒண்ணு ராஜினாமா பண்ணுது. ஒண்ணுல நான் நூறு வருஷம் வாழணும்னு இருக்கு, அடுத்ததுல எனக்கு கமா போடத் தெரியலன்னு இருக்கு. இதுல எது உன்னோட லெட்டர்?"

எனக்கு வாயில் 'மதிப்பிற்குரிய' என்றுதான் வந்தது. அம்மா எழுதச் சொன்னதையே சொல்லலாம். லீவு கேட்கிற கடிதம், அதுதான் என்னுடையது என்று. அழகாகவும் எழுதியிருந்தேன். கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். அத்தை பிள்ளையைத் தோளில் போட்டு, யாரோ ரிசப்ஷன் பெண்ணிடம் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பிள்ளையின் முதுகு ஏறி இறங்குகிறதா என்று அங்கிருந்து தெரியவில்லை. ஆனால் அத்தை கை அதுபாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.

"சின்னது, மேடம்" என்றேன்.

"எது சின்னது?"

"ரெண்டு வரி இருக்குமே. மரியாதை போடாதது."

மேடம் மறுபடி தேடி எடுத்துப் படித்தார். படித்துவிட்டு, "ம்" என்றார். அந்த 'ம்'முக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் நான் என் இடத்தில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை முழுசாகப் பார்த்துவிட்டேன். அவள் என் ஸ்கேலைக்கூட எடுத்துக்கொண்டிருந்தாள்.

"காலையில வா. மத்தியானம் போயிரு. மிச்சத்த வீட்டுல இருந்து பாரு" என்றார். "அதுக்கு மொதல்ல நீ அனுப்புறது வீட்டுல இருந்து வெளிய வரணும். குடு அந்த லேப்டாப்ப."

அவரே உட்கார்ந்து காட்டினார். ஆபீசுக்குள் இருந்து மெயில் போட்டால் எங்கள் சர்வர் யார் எவர் என்று கேட்காதாம், வீட்டு ஆள்தான் என்று வாங்கிக்கொள்ளுமாம். வேறு வைஃபையில் இருந்து வந்தால், 'நீ யார், பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன' என்று கேட்குமாம். எனக்கு வருகிற மெயிலுக்கு அதெல்லாம் கொடுத்து வைத்திருந்தது, அதனால் எங்கே போனாலும் வந்தது. போகிற மெயிலுக்குக் கொடுக்கவே இல்லை. 'அனுப்பும்போதும் பெயரும் பாஸ்வேர்டும் கொடு' என்று ஒரு கட்டம், அதில் டிக். அதற்குப் பக்கத்தில் மெயில் வெளியே போகிற வாசலுக்கு ஒரு நம்பர், சில வெளி வைஃபைகள் பழைய நம்பரை விடுவதில்லை, அதை மாற்றினார். முடிந்தது. என் பணிவில் ஒரு குறையும் இல்லை. யார் என்று கேட்டிருக்கிறது, நான் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எழுந்திருக்கும்போது சொன்னார். "நீ போட்ட கமால ஒண்ணு தவிர எல்லாம் சரி. அந்த ஒண்ணு நீ தப்பு."

எது என்று சொல்லவில்லை. இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெளியே வந்ததும் அத்தை கேட்டார். "என்ன சொன்னா அந்தப் பொம்பள?"

"லீவு கெடையாதாம், அத்தை. தெனமும் காலையில வந்தே ஆகணுமாம்."

"பச்ச ஒடம்புக்காரிய வரச் சொல்லுதாளே, ராட்சசி! வயித்துல பெத்தவதானா அவ?" என்று ரிசப்ஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார். பிறகு அவரே, "சரி, என்ன செய்ய, நான் இங்க வந்து பிள்ளையப் பாத்துக்கிடுதேன்" என்றார். இப்போது எங்களோடுதான் இருக்கிறார். மேடத்துக்கு மூன்று பிள்ளைகள். அதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. இரண்டு வீட்டிலும் மேடம் இன்றைக்குவரை ராட்சசிதான். மேடத்திடம் ஒருநாள் மெதுவாகச் சொன்னேன். "ராட்சசியாவே இருந்துட்டுப் போறேன், அந்த ரெண்டு வரி லெட்டர் உன் வீட்டுக்குத் தெரியாம இருந்தாச் சரி" என்றார்.

அவ்வளவுதான் அக்கா கதை. இப்போது எனக்குப் பயமெல்லாம் சுத்தமாகப் போய்விட்டது. முன்னே மாதிரியே கிடையாது. காலையில் ஆபீஸ், மத்தியானம் வீடு. எங்கே இருந்து போட்டாலும் மெயில் சொய்ங்கென்று போகிறது. இன்றைக்கும் தடுப்பூசிக்குத்தான் வந்தேன், ஒன்றுமில்லை. ஒரு நிமிஷம், கொஞ்சம் நீங்களும் விரலை வைத்துப் பாருங்களேன். என் விரல் சில்லிட்டுப் போயிருக்கிறது, சரியாகத் தெரியவில்லை. வருகிறதா? சூடாக வருகிறதா? சரி. சரி.

என் டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். போவதற்கு முன்னால் உங்களுக்கு டிக் போட்டுக் கொடுத்துவிடுகிறேன், நொடி வேலைதான். போட்டவுடன் உள்ளே கிடப்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், நடுவில் நிறுத்த முடியாது, சார்ஜரைப் பிடுங்கினாலும் நிற்காது. அதனால்தான் இவ்வளவு நேரம் என் கதையைச் சொன்னேன். முதலில் அவுட்பாக்சைத் திறந்து என்னென்ன கிடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுவோமா?

ஏன் அக்கா, மூடிவிட்டீர்கள்?